பந்தடிக்காகக் கடல் மறித்த வருடம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் போய் இருக்க வெட்கமாக இருந்தது. ஆகையால் என் எழுத்துகள் ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு நிற்கும். பிழைகள் நிறைய இருக்கும். அச்சடிக்கிறவர்கள் திருத்திப் போடவும்.

எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு மலர் வெளியிடப் போகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் வீட்டுக்கு வந்து கேட்டார். "கோலுக்கு வலை கட்டுற ஆள் நீங்கள். நீங்கள் பாக்காத மட்ச் இல்லை. எழுதுங்கோ அண்ணை" என்றார். வென்ற கோப்பைகளைப் பற்றி எழுதப் பல பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத இருப்பது ஒன்றுதான். பெயர் ஒன்றும் போடவில்லை. ஊர்ச் சனத்துக்கு எல்லாரையும் தெரியும். மற்றவர்களுக்குப் பெயரால் ஒரு பயனும் இல்லை.

எங்கள் ஊரில் பந்தடி என்றால் உதைபந்தாட்டம்தான். ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் அணி பைனலுக்குப் போனால் அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. முதல்நாள் பின்னேரம் கடலில் வலை விரித்துப் படுக்க மாட்டார்கள். கரையில் வள்ளங்கள் எல்லாம் திருநாளன்று நிற்பதுபோல வரிசையாக நிற்கும். யார் இதைத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. என் அப்பு காலத்திலும் இருந்தது.

நான் பழைய வலையில் கண் பொருத்தி கோலுக்குக் கட்டிக் கொடுப்பேன். கட்டிவிட்டு அந்தக் கோலுக்குப் பின்னாலேயே குந்தியிருந்து ஆட்டம் பார்ப்பேன். அங்கே யாரும் வந்து நிற்பதில்லை. சனத்துக்கு நடுவில் நின்றால் கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது.

அப்போது எங்கள் அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர். வள்ளம் என்னுடையது, எஞ்சின் அவருடையது. என்னை விட நாலைந்து வயது மூத்தவர். இளமையில் பின்னுக்கு நின்று விளையாடியவர். பயிற்றுவதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. விடியக் கடலில் வலையிலிருந்து நண்டு கழட்டிவிட்டு, பின்னேரம் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு விசிலோடு மைதானத்தில் நிற்பார். ஊரில் அவரை எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அண்ணை என்பேன்.

அந்த வருடம் அரை இறுதி அயல் தீவு அணியோடு. எங்கள் முன்வரிசைக்காரன், பத்தாம் இலக்கக்காரன், அந்தச் சுற்றில் எல்லா ஆட்டத்திலும் கோல் அடித்திருந்தான். கெட்டித்தனத்தில் அவனுக்குப் பக்கத்தில் நிற்க இந்தத் தீவுகளில் ஆள் இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளை. தாயையும் இரண்டு தங்கச்சிமாரையும் அவன்தான் பார்க்கிறான். அவனை நான் குறைவாகச் சொல்ல வரவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு பந்தை எதிரணிக் கோல்காப்பாளர் பாய்ந்து பிடித்தார். பிடித்தபடி நிலத்தில் கிடந்தார். அவரும் எங்களைப்போல நண்டு வலைத் தொழிலாளிதான், முப்பது வயதிருக்கும். எங்கள் முன்வரிசைக்காரன் ஓடிவந்த வேகத்தில் அவருடைய கையில் கால் வைத்தான். ஓடிவருகிறவனுக்கு அது நடக்கும். ஆனால் அவன் நின்று, காலைத் தூக்கி, திரும்பவும் அதே கையில் மிதித்தான். நான் வலைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நண்டு ஓடு உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பந்து கையை விட்டு உருண்டது. அவன் அதை உள்ளே தட்டிவிட்டான்.

நடுவர் தூரத்தில் நின்றார், விசில் கோலுக்குத்தான் ஊதினார். எங்கள் சனம் மைதானத்துக்குள் இறங்கி ஆடியது. கோல்காப்பாளர் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். நான் எல்லைக்கோட்டுப் பக்கம் பார்த்தேன். கோச் மட்டும் ஆடாமல் நின்றார். அவரும் கண்டுவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அடுத்த நாள் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். "அந்தப் பெடியனுக்கு மூண்டு விரல் முறிஞ்சிட்டுதாம். பெரியாஸ்பத்திரியில விட்டிருக்காம்."

 அவர் ஒரு நண்டின் காலை வலைக் கண்ணிலிருந்து மெதுவாக எடுத்தார். எங்கள் தொழில் முழுவதும் விரல்தான். நண்டின் கால் உடையாமல் கழட்ட வேண்டும், கால் உடைந்தால் விலை போகாது.

"பைனலுக்கு அவனை இறக்கமாட்டன்" என்றார்.

"சனம் விடாது அண்ணை."

"சனத்தை நான் பாக்கிறன். நேற்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டனான். தெரியாமல் மிதிச்சிட்டன் அண்ணை எண்டான். ஒருக்கா தெரியாமல் மிதிக்கலாம், ரெண்டாந்தரம் என்னெண்டு தெரியாமல் மிதிச்சனி எண்டு கேட்டன். தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டான். நீர் கிட்ட இருந்தனீர்தானே. எத்தினை தரம்?"

"ரெண்டு தரம்" என்றேன்.

"ஓம்" என்றார். 

இந்தச் செய்தி கரையில் நண்டு நிறுத்து வாங்குகிற கொட்டிலுக்கு, எங்கள் வாடிக்கு, வந்து சேர ஒரு நாள் கூட ஆகவில்லை. வாடியில் தராசுக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து பேர் பந்தடி பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பாவில் எந்தக் கோச்சை மாற்ற வேண்டும், யார் காசுக்கு விளையாடுகிறான், எந்த நடுவர் கள்ளன் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் கோச்சின் பெயர் அந்த வரிசையில் வந்தது அன்றைக்குத்தான்.

"அங்க ஒரு பைனல் தோத்தா கோச்சைப் பெட்டியைக் கட்டச் சொல்லிப்போடுவாங்கள்" என்றான் வாடியில் எப்போதும் பகிடி விடுகிறவன்.

"அங்க கோடிக் காசு குடுத்தெல்லோ அனுப்புவாங்கள்" என்றார் இன்னொருவர்.

"நாங்களும் குடுப்பம். காலுடைஞ்ச நண்டு ஒரு கூடை."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு வயதாளி சொன்னார்: "உது பந்தடி. பூசைக்கோ போறம்? அவங்கள் எங்களுக்குக் காலை முறிக்கேக்க ஆர் வந்து கேட்டவன்?" அது பொய்யில்லை. முன்னொரு வருடம் எங்கள் பெடியன் ஒருவனுக்கும் கால் முறிந்தது. 

பைனல் அன்று வழக்கம்போல ஒரு வள்ளமும் போகவில்லை. வேதக் கோயில் மணி அடித்து, பங்குச் சுவாமி பந்தை ஆசீர்வதித்துக் கொடுத்தார். ஒருவர் போனைத் தடியில் கட்டி லைவ் போட்டார். பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் பார்த்துக்கொண்டு அதிலேயே எழுதுவார்கள். லைவ் போடுகிறவர் அதை உரக்க வாசிப்பார்.

பத்தாம் இலக்கக்காரன் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தான். ஆட்டம் தொடங்கியதும் சனம் தொடங்கியது. "பத்தை இறக்கு! பத்தை இறக்கு!" முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் கோச்சைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"அண்ணை, உங்கட நேர்மையைக் கோயிலுக்குள்ள வையுங்கோ. இது பைனல்."

"அவன் இண்டைக்கு விளையாடமாட்டான்" என்றார் கோச். சத்தமாகச் சொல்லவில்லை.

"லைவ்ல பிரான்சிலயிருந்து கேக்கினம்" என்று போன்காரர் கத்தினார். "கோச்சுக்கு எதிரணி எவ்வளவு குடுத்தது எண்டு கேக்கினம்!"

அந்தச் சொல் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. அதுவரை கோச் பிழையாக நினைக்கிற ஆளாக இருந்தார். அதற்குப் பிறகு விலைப்பட்ட ஆளாகிவிட்டார். மைதானத்தைச் சுற்றி அது ஓடுவதை நான் கோலுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். முன்னே நின்றவர்கள் பின்னே நின்றவர்களுக்குச் சொல்ல, கேள்வியாக வந்தது முடிந்த செய்தியாகப் போனது.

ஆட்டம் கோலில்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் பெடியள் இரண்டு பேர் வெளியே அடித்தார்கள், தோற்றுப்போனோம். அந்த இரண்டு பந்தும் என் தலைக்கு மேலால் போய்ப் பற்றைக்குள் விழுந்தன. நான்தான் எடுத்து வந்தேன். எடுத்து வந்தபோது எங்கள் சனம் எதிரணியைப் பார்க்கவில்லை, நடுவரையும் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரு ஆளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த கிழமை கடற்றொழிலாளர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒருவருடைய வலையை வெட்டினவன், கண்டு எடுத்த வலையை ஒளித்தவன், தடுத்த நாளில் தொழிலுக்குப் போனவன், இப்படியானவர்களைச் சங்கம் கடலால் மறிக்கும், கடலுக்குப் போகவிடாது. அது எங்களுடைய பழைய தண்டனை. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் மறிக்கப்பட்டவனுடைய வள்ளத்தைத் தள்ள யாரும் கை கொடுக்க மாட்டார்கள், அவனுடைய நண்டை வாடியில் நிறுக்க மாட்டார்கள். பந்தடிக்காக ஒருவரை மறித்தது அதற்கு முதல் நடந்ததில்லை.

சங்கத் தலைவர் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தார். "பைனலுக்காக ஊர் முழுக்கத் தொழிலை விட்டிட்டு வந்தது. வெல்லுறதுக்காக வந்தது. இவர் வெல்ல விடேல்லை. அப்ப எங்கட எல்லாற்றை ஒரு நாள் தொழிலையும் கெடுத்தது இவர். இது பந்தடிப் பிரச்சினை இல்லை, தொழில் பிரச்சினை."

எல்லாரும் தலையாட்டினார்கள். அது எவ்வளவு பிழையான கணக்கு என்று இப்போதும் எனக்கு ஒழுங்காக விளங்கப்படுத்த வராது. அன்றைக்கு அது மிகவும் சரியான கணக்குப்போல இருந்தது.

உடுப்பும் பந்தும் வாங்கித் தருகிற பிரான்சுக்காரரைப் போனில் பிடித்து மேசையில் வைத்தார்கள். அவர் பத்து வயதில் ஊரை விட்டுப் போனவர். "உலகத்தில எந்தக் கோச் தன்ர பெஸ்ட் பிளேயரைப் பைனல்ல வாங்கில இருத்துவான்? சொல்லுங்கோ பாப்பம்!" என்று அந்தப் போன் கேட்டது. "நாங்கள் இஞ்ச வேலைக்கு லீவு போட்டிட்டுப் பாத்தனாங்கள். எங்களுக்கு மரியாதை இல்லையோ?"

கோச் எழுந்து நின்றார். "அவன் ரெண்டு தரம் மிதிச்சவன். நான் கண்டனான். அந்தப் பெடியனும் எங்களைப்போல நண்டு கழட்டிறவன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"வேற ஆர் கண்டது?" என்று தலைவர் கேட்டார்.

நான் கடைசிக் கதிரையில் இருந்தேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எழுந்தபோது கதிரை விழுந்தது. "நானும் கண்டனான். ரெண்டு தரம்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வாடிப் பகிடிக்காரன், "என்னடாப்பா, கோல்போஸ்ட் கதைக்குது!" என்றான். கூரை அதிரச் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். போனில் இருந்தவரும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். "நீர் இரும். அவர் உம்மட வள்ளத்து ஆள், நீர் அப்பிடித்தானே சொல்லுவீர்" என்றார் தலைவர். நான் விழுந்த கதிரையை நிமிர்த்தி இருந்தேன். என் சாட்சி அவ்வளவோடு முடிந்தது.

ஊரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அவர் கடலுக்குப் போகக்கூடாது என்று தீர்த்தார்கள். என்னை மறிக்கவில்லை. "நீர் வேற ஆரோடயாவது போம்" என்றார்கள். கோச் வெளியே போகும்போது வழியில் நின்ற பத்தாம் இலக்கக்காரன் விலகி இடம் விட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நண்டு நன்றாகப் படுகிற காலம் அது. நான் இன்னொருவருடைய வள்ளத்தில் கூலியாகப் போனேன். என் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. கோச்சின் எஞ்சின் அவர் வீட்டுக் குசினியில் சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்து மூலையில் சாக்கால் மூடியிருந்தது. அவர் விடியற் பஸ்ஸில் வேலணைப் பக்கம் போய் மேசன்மாரோடு சீமெந்து குழைத்தார். தோள் அகன்ற ஆள், வெயிலில் சாந்துச் சட்டி தூக்கித் தூக்கி அந்தத் தோள் ஒரு பக்கம் சரிந்தது. கடலில் நிற்கிறவனுக்குத் தரை வேலை வேறு மாதிரி. மைதானத்துப் பக்கம் அவர் போகவில்லை. பெடியள் தாங்களே ஓடித் தாங்களே விளையாடினார்கள்.

அவர் மனைவி ஒருநாள் கோயிலடியில் என்னைப் பிடித்தார். "தம்பி, நீராவது சொல்லும். ஒரு சொல்லுத்தானே. வாயால சொல்லிறதுதானே. மகள் ரியூசன் வகுப்புக்குப் போகாமல் நிக்கிறாள். பள்ளிக்கூடத்திலயும் 'காசு வாங்கின கோச்சின்ர மகள்' எண்டு கூப்பிடுகினமாம்."

 எந்தப் பக்கத்தைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோச்சின் வீட்டுக்குப் போய், குசினியில் சாக்கை விலக்கி எஞ்சினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன். உப்புக் காற்றுக்கு எஞ்சின் சும்மா கிடந்தால் இறுகிவிடும். அவர் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதை விக்கப்போறன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து எஞ்சினை இழுத்துப் பார்த்தார். முதல் இழுவையிலேயே அது வேலை செய்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோச் எழுந்து போய் அதை நிறுத்தினார். "விக்கேல்லை, போங்கோ" என்று ஆளை அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பின்னேரமே சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போனார்.

மன்னிப்பை மைதானத்தில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அடுத்த சுற்றின் முதல் ஆட்டம். இரண்டு அணியும் வரிசையாக நின்றன. லைவ் ஓடியது. தலைவர் கோச்சிடம் மைக்கைக் கொடுத்தார். வேலைக்குப் போய் வந்த சீமெந்து அவர் கால் நகங்களில் இருந்தது.

"போன பைனல்ல நான் செய்தது பிழை. ஊரிட்ட மன்னிப்புக் கேக்கிறன்" என்றார்.

சனம் கை தட்டியது. விசில் அடித்தார்கள். ஒரு கோலுக்குத் தட்டுவதுபோலத் தட்டினார்கள். யாரும் பகைமையோடு தட்டவில்லை, உண்மையான சந்தோசம். சிலர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். வாடிப் பகிடிக்காரனுக்குக் கண் கலங்கியிருந்தது. வரிசையில் நின்றவர்களில் பத்தாம் இலக்கக்காரன் மட்டும் கை தட்டவில்லை. சப்பாத்து நூலைக் கட்டுகிறதுபோலக் குனிந்துவிட்டான்.

அடுத்த நாள் நாங்கள் கடலுக்குப் போனோம். கொஞ்ச நாளில் அவரைத் திரும்பவும் கோச்சாகக் கேட்டார்கள். அவர் ஓம் என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போதும் அவர்தான் பயிற்றுகிறார். சனம் "ஏழாம் நம்பரை வெளியில எடு" என்றால் எடுக்கிறார். "பத்தை முன்னுக்கு விடு" என்றால் விடுகிறார். ஒருமுறை எங்கள் பெடியன் ஒருவன் பந்து இல்லாத இடத்தில் எதிராளியின் வாயில் முழங்கையால் அடித்தான். நான் கோலுக்குப் பின்னால் இருந்து கோச்சைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடமும் அடுத்த வருடமும் கோப்பை எங்களுக்கு. வாடியில் அவருக்கு நல்ல பெயர். "இப்பதான் மனிசன் கோச்" என்கிறார்கள்.

போன மாதம் எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போனோம். இறங்குதுறையில் படகு ஏறுகிற சனத்துக்கு ஒருவர் வறுத்த கச்சான் கடலை விற்றுக்கொண்டு நின்றார். அந்தக் கோல்காப்பாளர்தான். வலக்கையில் மூன்று விரல்கள் வளைந்தபடியே இறுகிவிட்டன. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கடதாசியைச் சுருட்டிக் கச்சானைப் போட்டார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"கோச் அண்ணை! இந்த முறையும் கப் உங்களுக்குத்தானே. லைவ்ல பாத்தனான்."

"கை என்ன மாதிரி?" என்று கோச் கேட்டார்.

"குளிருக்கு உளையும். வலைத் தொழில் இனி ஏலாது. மற்றும்படி ஒண்டுமில்லை." இரண்டு சுருள் கச்சானை நீட்டினார், காசு வாங்கவில்லை. "என்ர விரலால உங்களைக் கடலால மறிச்சவங்கள் எண்டு கேள்விப்பட்டன். எனக்கு அது பெரிய மனவருத்தம். பேந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கடலுக்கு வெளிக்கிட்டியள் எண்டு சொன்னாங்கள். அது நல்லது அண்ணை. தொழில்தானே முக்கியம்."

கோச் அந்தச் சுருளை வாங்கிக்கொண்டார்.  படகு வந்துவிட்டதால் கோல்காப்பாளர் சனத்தைப் பார்த்துக் கச்சான் கச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது கோச் அதைச் சாப்பிடவில்லை. வள்ளத்துக்குள் வைத்தார். கடல் தண்ணீர் பட்டுக் கடதாசி கரைந்து, கச்சான் அடித்தளத்தில் மிதந்தது. நான் தண்ணீர் இறைத்தபோது அதுவும் போனது.

மலரின் முதல் பக்கத்தில் கோச்சின் படம் கோப்பையோடு வரும் என்று செயலாளர் சொன்னார். நான் என்ன எழுதப் போகிறேன் என்று நேற்றுக் கடலில் வைத்து அவரிடம் சொன்னேன். சொல்லாமல் எழுதுவது சரியில்லை. வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் நண்டைக் கழட்டிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு தரம் மிதிச்சவன் எண்டு எழுதுவீரே?"

"ஓம் அண்ணை."

"அப்ப எழுதும்" என்றார்.

இன்று சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், பூசை முடிந்து, அப்புவின் குழியில் மெழுகுதிரி வைத்துவிட்டு வந்து இதை எழுதி முடித்தேன்.

கார்த்திகை (நவம்பர்) இரண்டாம் திகதி, சகல ஆன்மாக்களின் நாள்.